படி இல்லாத வீடு

சாக்ரமெண்டோ
11 ஜூன் 1995

அக்காவுக்கு அம்பியின் நமஸ்காரம்.

நாங்கள் மூவரும் சௌக்கியம். காலில் மாட்டுகிற இரும்புக் காலிப்பர் உரசுகிற இடத்தில் புண் என்று எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் ஆறவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டோம். பத்மஜாவுக்கு ஊருக்கு வெளியே புதிதாக எழும்புகிற காலனியில் ஒரு மாடி வீட்டின் மேல் கண். நடுக்கூடத்திலிருந்து வளைந்து ஏறும் படிக்கட்டு, மேலே நாலு படுக்கையறை. அதைப் பார்த்ததிலிருந்து அவள் அந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறாள். எனக்கு வேண்டியது வேறு. இங்கே ராஞ்ச் என்று ஒரு தினுசு வீடு உண்டு. தாழ்ந்த கூரை, நீளவாக்கில் ஒரே தளம், மாடி கிடையாது. யுத்தம் முடிந்து வந்தவர்கள் குடும்பம் நடத்துவதற்காகத் தெருத் தெருவாகக் கட்டியது. புதிதாக அதிகம் கட்டுவதில்லை, ஆனாலும் வாங்க ஆள் குறையவில்லை. வீடு காட்டுகிற அம்மாளிடம் ஏன் என்று கேட்டேன். "கைக்குழந்தைக்காரர்களும் எழுபது வயதுக்காரர்களும் ஒரே வீட்டுக்குப் போட்டி போடுவது இதற்கு மட்டும்தான்" என்றாள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லாத வீடு என்று அர்த்தம்.

அப்பா ஞாபகம் வந்துவிட்டது. மயிலாப்பூரில் அக்கம்பக்கம் எல்லோரும் மாடி எடுத்தபோது அவர் மட்டும் எடுக்கவில்லை. "கோமளா ஏற முடியாத மாடி என் ஆத்துக்கு வேண்டாம்" என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்பினாரே. அந்த வீட்டைத்தான் நான் இங்கே தேடுகிறேன். அடுத்த வருஷம் எனக்குக் குடியுரிமை வந்துவிடும். வந்ததும் உன்னை அழைத்துக்கொள்வேன். எங்களோடு நிரந்தரமாக இருக்கப்போகிறாய். மறுக்காதே.

உன்
அம்பி

*

மயிலாப்பூர்
3 ஜூலை 1995

சிரஞ்சீவி அம்பிக்கு அக்கா கோமளாவின் ஆசீர்வாதம். பத்மஜாவும் வர்ஷினிக் குட்டியும் சௌக்கியம்தானே?

புண் ஆறிவிட்டது. அகராதியில் ராஞ்ச் என்பதற்கு மாட்டுப் பண்ணை என்று போட்டிருக்கிறதே, என்னைக் கொண்டுபோய் எந்தத் தூணில் கட்டுவதாக உத்தேசம்? வைக்கோல் நேரத்துக்குப் போடுவாயா என்பதையும் இப்போதே எழுதிவிடு.

நம் வீட்டுக்குக் கடப்பாரை போட அடுத்த வாரம் நாள் பார்த்திருக்கிறார்கள். பில்டர் சுப்புராயன் நல்ல மனுஷராகத்தான் தெரிகிறார். ஒரு தளத்துக்கு ஒரு ஃப்ளாட், மொத்தம் நாலு. தரைத்தளம் எனக்கு, மூன்றாவது மாடி உனக்கு, நடுவில் இரண்டும் அவருக்கு. லிஃப்டுக்கு இடம் விடுவாராம், லிஃப்ட் விடமாட்டாராம். எனக்கென்ன, தரையில் இருப்பவளுக்கு லிஃப்ட் எதற்கு? அதுவரை மந்தைவெளியில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறேன். என் ஹிந்தி ட்யூஷன் குழந்தைகள் அங்கேயும் வந்துவிடும். பிராத்மிக்கில் பதினோரு பேர், மத்யமாவில் ஆறு பேர். இத்தனை பேரை விட்டுவிட்டு அமெரிக்காவில் நான் யாருக்கு ஹிந்தி சொல்லிக்கொடுப்பது?

ஆனாலும் நீ கூப்பிட்டாயே, அது சந்தோஷமாக இருக்கிறது. பொய் சொல்வானேன், இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

ஆசியுடன்
அக்கா

*

சாக்ரமெண்டோ
17 செப்டம்பர் 1995

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

வீடு கிடைத்துவிட்டது, அதாவது கண்ணுக்குக் கிடைத்திருக்கிறது, கைக்கு இல்லை. 1956இல் கட்டியது. வாசல் முகப்பிலேயே கார் ஷெட், அதற்குள்ளிருந்து நேராகச் சமையலறைக்குக் கதவு. பின்பக்கம் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் புல்தரை, ஒரு ஆரஞ்சு மரம். பக்கத்து வீட்டில் எண்பத்தொரு வயதுக் கிழவி ஒருத்தி தனியாக இருக்கிறாள், கையில் வாக்கர். "இதே மாதிரி வீடுதான் என்னுடையதும். இல்லையென்றால் என் பிள்ளைகள் என்னை என்றைக்கோ முதியோர் விடுதியில் சேர்த்திருப்பார்கள்" என்றாள். அதைக் கேட்டதும் பத்மஜாகூட வளைந்த படிக்கட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் கேட்கிறார்கள். முன்பணம் அதிகமாகக் கட்டுகிறவருக்குத்தான் போகும். என் கையில் இருப்பது போதாது. மயிலாப்பூரில் என் பங்கான மூன்றாவது மாடியை இப்போதே விற்க முடியுமா என்று சுப்புராயனைக் கேட்கிறாயா? பவர் பத்திரம் உன்னிடம்தான் இருக்கிறது. அக்டோபர் கடைசிக்குள் முடியாவிட்டால் வீடு கைநழுவிவிடும். கஷ்டப்படுத்திக்கொள்ளாதே, கேட்டுப் பார் போதும்.

அம்பி

*

மந்தைவெளி
2 அக்டோபர் 1995

திரு. சுப்புராயன் அவர்களுக்கு, கோமளவல்லி எழுதுவது. நலம்.

நேற்று நீங்கள் வந்து சொன்னதையெல்லாம் இரவு முழுக்க யோசித்தேன். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியை, கட்டி முடிப்பதற்கு முன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறீர்கள். ஆனால் தரைத்தளம் கிடைத்தால் இன்றைக்கே முடிக்கத் திரு. பத்ரிநாராயணன் தயாராக இருக்கிறார், அவர் மனைவிக்கு முழங்கால் வலி, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அனிருத் அங்கேயே டாலராக என் தம்பியிடம் கொடுத்துவிடுவான் என்றும் சொன்னீர்கள்.

அப்படியே செய்துவிடுங்கள். பத்திரத்தில் தரைத்தளத்தை என் தம்பி பெயருக்கும் மூன்றாவது மாடியை என் பெயருக்கும் மாற்றி எழுதிவிட்டு, தரைத்தளத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். "டீச்சரம்மா, உங்க காலை வச்சிக்கினு இன்னா பேசறீங்க?" என்று நேற்றே கோபித்துக்கொண்டீர்கள். உங்களுக்கு என் மேல் இருக்கிற அக்கறை தெரியும். ஒரு வருஷம்தான். அதற்குள் நான் தம்பியிடம் போய்விடுவேன். அவன் வாங்கப்போகும் வீட்டில் ஒரு படிகூடக் கிடையாதாம். அந்த வீட்டுக்காக ஒரு வருஷம் ஏறி இறங்கினால் என்ன?

கைப்பிடி மட்டும் இரண்டு பக்கமும் உறுதியாக வைத்துக் கொடுங்கள். இந்த மாற்றம் என் தம்பிக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அந்த வீடே வேண்டாம் என்பான்.

இப்படிக்கு
கோமளவல்லி

*

மந்தைவெளி
9 அக்டோபர் 1995

அம்பிக்கு ஆசீர்வாதம்.

காரியம் முடிந்தது. பத்ரிநாராயணன் என்று ஒருவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் காற்றோட்டமாக வேண்டுமாம், மேல் வீட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளை அனிருத் சான் ஹோசேயில் இருக்கிறான். இந்த வாரமே உனக்குச் செக் அனுப்புவான். சீக்கிரம் போய் அந்த ஒன்பது பேரில் மீதி எட்டுப் பேரைத் துரத்து.

எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தையைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா

*

சாக்ரமெண்டோ
21 ஜனவரி 1996

அக்காவுக்கு நமஸ்காரம். இந்தக் கடிதத்தை நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன்!

பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். உனக்குப் பின்னால் உள்ள அறை, ஆரஞ்சு மரம் ஜன்னலுக்கு நேராக. கண்ணாடிக் கதவுக்கு அடியில் ஓர் அங்குலத்துக்கு மேடு இருந்தது. கால் தட்டுமே என்று ஆளை விட்டு அதையும் செதுக்கச் சொல்லிவிட்டேன். காரிலிருந்து உன் கட்டில்வரை நடந்து பார்த்தேன். முப்பத்தொரு தப்படி, ஒரு படி இல்லை. நம்பாவிட்டால் இத்துடன் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அளவெல்லாம் சரியாக இருக்கும், உன் எஞ்சினியர் தம்பி போட்டது.

வர்ஷினி உன் அறைக் கதவில் "அத்தை ரூம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். "த்" மேல் புள்ளியை மறந்துவிட்டாள். நீ வந்து திருத்து.

அம்பி

*

மயிலாப்பூர்
25 ஆகஸ்ட் 1996

சிரஞ்சீவி அம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கேயும் பால் காய்ச்சியாகிவிட்டது. புது வீடு வெளிச்சமாக இருக்கிறது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் கபாலி கோபுரம் முழுசாகத் தெரிகிறது. பெருமாள் பக்தர் அப்பா, காலம் பூராவும் கேசவப் பெருமாள் கோவிலைத் தவிர வேறு திசையில் திரும்பியதில்லை. அவர் பெண்ணுக்கு ஈசுவரனின் கோபுரம்தான் வாய்த்திருக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, ஃபேன் தேவையில்லை.

கீரைக்காரி தேசம்மா தினம் வருகிறாள். அவள் குரலுக்கு மைக் வேண்டாம். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு முளைக்கீரை கீது, கூடையை எறக்கு!" என்று கூவுவாள். ட்யூஷனில் மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் வருகிறார்கள். பத்ரிநாராயணன் மாமாவும் மாமியும் தங்கமானவர்கள். பால், தபால் எல்லாம் அவர்கள்தான் கொண்டுவந்து தருகிறார்கள்.

உன் வரைபடத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். குடியுரிமை விஷயம் என்ன ஆயிற்று? அவசரம் ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டேன்.

அக்கா

*

சாக்ரமெண்டோ
8 டிசம்பர் 1996

அக்காவுக்கு நமஸ்காரம். பதில் எழுத மூன்று மாசம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். அது பொய்.

குடியுரிமை செப்டம்பரிலேயே வந்துவிட்டது. மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். பெற்றவர்கள் என்றால் சில மாசத்தில் அழைத்துக்கொள்ளலாமாம். கூடப்பிறந்தவள் என்றால் வரிசையாம். அந்த வரிசை பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு நிற்கிறது. எனக்கு இது தெரியாது அக்கா. அலுவலகத்தில் எல்லோரும் அப்பா அம்மாவை வரவழைத்தார்கள், அதே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னை வளர்த்தவள் நீ என்பதற்கு அவர்கள் ஃபாரத்தில் ஒரு கட்டம் இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆனால் இதை உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியாமல் இருந்தேன்.

அதுவரை விசிட்டராகவாவது ஆறு மாசம் வந்துவிட்டுப் போ. ஜெமினி பக்கத்தில் அமெரிக்கன் கான்சலேட்டுக்கு ஒரு தடவை நேரில் போனால் போதும். காகிதங்கள் எல்லாம் அனுப்புகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தரைத்தளத்திலிருந்து கோபுரம் எப்படித் தெரிகிறது? சுற்றிலும் மாடி வீடுகளாயிற்றே.

அம்பி

*

மயிலாப்பூர்
30 மார்ச் 1997

அம்பிக்கு ஆசீர்வாதம். இந்தத் தடவை தாமதம் என்னுடையது. மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு, எழுத வரவில்லை. இப்போது தேவலை.

பன்னிரண்டு வருஷம் என்றால் எனக்கு அறுபத்தாறு. பரவாயில்லை, உன் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு எண்பத்தொன்று அல்லவா? நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. சட்டத்தை நீயா எழுதினாய்?

விசிட்டர் விசா இப்போது வேண்டாம். குழந்தைகளுக்குப் பரீட்சை. அப்புறம் வெயில். அப்புறம் பார்க்கலாம்.

கோபுரம் தெருமுனையில் தெரிகிறது என்று எழுத நினைத்து அப்படி எழுதிவிட்டேன்.

அக்கா

*

சாக்ரமெண்டோ
12 அக்டோபர் 1997

அக்கா,

நமஸ்காரம், சௌக்கியம் எல்லாம் கடைசியில்.

நேற்று விஜயதசமிக்கு லிவர்மோர் கோவிலுக்குப் போயிருந்தோம். அர்ச்சனையில் என் பெயரைக் கேட்டிருப்பான் போலிருக்கிறது, பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன் திரும்பி, "நீங்க ஸ்ரீனிவாசராகவன் சாரா? நான் அனிருத். செக் அனுப்பினேனே" என்றான். பேசிக்கொண்டிருந்தோம். "அம்மாவுக்குக் கீழ் வீடு ரொம்ப சௌகரியமா இருக்கு சார். மேலே உங்க அக்காதான் பாவம், மூணாவது மாடிலேர்ந்து கயித்துல கூடை கட்டி இறக்கறா. பிப்ரவரில படியில விழுந்ததுலேர்ந்து கீழேயே வரலையாமே" என்றான். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். கையில் புளியோதரைத் தொன்னையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய்? நான் கேட்டேனா? உனக்குப் படி வேண்டாம் என்றுதானே இந்த வீட்டை வாங்கினேன்! உன்னைப் படி ஏற்றிவிட்டு வாங்கின வீட்டில் நான் எப்படி இருப்பது? இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு படி இல்லை, ஒரு படி இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, அதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன நினைத்தாய்? எனக்கு உன் மேல் கோபம். என் மேல் அதைவிட.

டிசம்பர் 13 வருகிறேன், தனியாக. மூன்று வாரம் லீவு. அதுவரை நீ அசையாதே.

அம்பி

*

மயிலாப்பூர்
2 நவம்பர் 1997

சிரஞ்சீவி அம்பிக்கு ஆசீர்வாதம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ முதலில் சாப்பிடு, தூங்கு.

ஐம்பத்து நாலு படி. முதலில் எல்லாம் வாரம் ஒரு தடவை இறங்குவேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக. இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி. யாராவது வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பது போலப் பாவனை பண்ணுவேன். பிப்ரவரியில் வழுக்கிவிட்டது. அதற்கப்புறம் தைரியம் போய்விட்டது. தெருவைப் பார்த்து ஒன்பது மாசம் ஆகிறது, அதாவது மேலிருந்து பார்க்கிறேன், எல்லோருடைய உச்சந்தலையும் எனக்கு அத்துப்படி.

ஏன் செய்தாய் என்று கேட்கிறாய். சொல்கிறேன். அப்பா மாடி எடுக்காததை நீ பெருமையாக எழுதுகிறாய். எனக்கு அது பெருமையாக இருந்ததே இல்லை. மாடி இல்லாததால் உனக்கு ஓர் அறை இல்லை. கல்யாணம் ஆகி வந்த பெண்ணுக்குக் கூடத்தில் புடவையைக் கட்டித் தடுத்துக் கொடுத்தோம். பத்மஜா மூன்று மாசம் பொறுத்துக்கொண்டாள். நாலாவது மாசம் நீ பம்பாய்க்கு மாற்றல் கேட்டாய், அங்கிருந்து அமெரிக்கா. நீ ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா? என் கால்தான் உன்னை இந்த வீட்டைவிட்டு அனுப்பியது. என் ஒருத்திக்காக எல்லோரும் தரையிலேயே இருந்தீர்கள். உனக்கு ஒரு வீடு அமைய நான் கொஞ்ச நாள் மாடியில் இருந்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

வரிசை பன்னிரண்டு வருஷம் என்பது எனக்கும்தான் தெரியாது. நாம் இரண்டு பேரும் அசடுகள்.

வீட்டை விற்கிறேன், கிற்கிறேன் என்று பேசாதே. வா. வந்தால் என்னை ஒரு தடவை கீழே இறக்கிவிடு. எனக்குத் தெரு வேண்டும் அம்பி.

அக்கா

*

சாக்ரமெண்டோ
6 ஜனவரி 1998

அக்காவுக்கு நமஸ்காரம். பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

விமானத்தில் இருபத்தைந்து மணி நேரமும் நம் மூன்று வாரத்தைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினபோது, "மெதுவாடா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று காதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாய். லஸ் முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸும் சைக்கிளும் போவதைப் பார்த்து அழுதாய். எனக்கும் அழுகைதான். ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்துவிட்டு மீட்டரை நிறுத்தினாரே, நல்ல மனுஷன். தேசம்மா உன் கன்னத்தைத் தடவி, "இன்னா டீச்சரம்மா, மேலேர்ந்து நீ எட்டிப் பாக்க சொல்லோ குண்டா தெரிஞ்ச, இப்டி எளச்சி கீறியே" என்றாள்.

வாடகைக்குத் தரைவீடு கேட்டு ஏறி இறங்கினேனே, அடையாறு, கோட்டூர்புரம், கொட்டிவாக்கம்வரை. தனியாக இருக்கிற பெண், அதுவும் காலில் இரும்போடு என்றதும் எத்தனை பேர் முகத்தைத் திருப்பினார்கள். கடைசியில் உன் பழைய மத்யமா மாணவியின் அம்மா அஸ்மத்துன்னிசாதான் மந்தைவெளியில் தன் வீட்டின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். வாசலில் ஒரே ஒரு படி, அதையும் சரிவாகப் பூசித் தருகிறேன் என்றார். "எங்களுக்கு மார்கழி, தை எல்லாம் கிடையாது டீச்சர். இன்னிக்கே வாங்க" என்று சாவியை உன் கையில் வைத்தார்.

நீயும், "நாள் என்னடா நாள், இன்னிக்கே போயிடலாமே" என்றாய். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் யாராவது குடி போவார்களா? அப்பா இருந்தால் விடுவாரா? அவசரப்பட்டு ஒரு தடவை கெட்டது போதும், இதையாவது முறைப்படி செய்வோம், தை முதல் தேதி பொங்கல் பானையோடு போ என்றேன். பத்ரி மாமாவும் உன் ட்யூஷன் பிள்ளைகளின் அப்பாக்களும் அன்றைக்குக் காலை வந்து உன்னை இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எட்டே நாள்.

கிளம்புகிற அன்று உன்னை மேலே தூக்கிக்கொண்டு போனபோது நீ காதுக்குள் படிகளை எண்ணிக்கொண்டே வந்தாய். உன்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நான் ஐம்பத்து நாலு படியும் இறங்கினேன். இங்கே வந்து, காரிலிருந்து இறங்கி, கார் ஷெட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பத்மஜா வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

தை பிறந்ததும், தெருவில் நின்றுகொண்டு எனக்கு முதல் கடிதம் எழுது.

அம்பி

*

மயிலாப்பூர்
19 ஜனவரி 1998

திரு. ஸ்ரீனிவாசராகவன் அவர்களுக்கு, பத்ரிநாராயணன் எழுதுவது. உங்களைத் தேற்ற எனக்கு வார்த்தை இல்லை.

ஒன்பதாம் தேதி தொலைபேசியில் உங்கள் அக்கா காலமானதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. மற்றதை எழுதிவிடுகிறேன். அன்று காலை பால் கொண்டுபோன என் மனைவி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறியவள், கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார், மாரடைப்பு என்றார் டாக்டர். முகத்தில் வேதனை இல்லை. திருவல்லிக்கேணியிலிருந்து உங்கள் சித்தப்பா பிள்ளை வந்து காரியங்களைக் குறைவில்லாமல் செய்தார்.

பாடை படித் திருப்பத்தில் திரும்பவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத்தான் இறக்கினோம். என் மனைவி கூடவே, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கீழ் வீட்டை வாங்கினபோது அது உங்கள் அக்காவுக்கென்று இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைப்பதும் சரியில்லை. ஏழாம் தேதி அஸ்மத்துன்னிசா அம்மாள் ஆட்களோடு வந்தார், அன்றைக்கே அழைத்துப்போகிறேன் என்று. நானும் போகச் சொன்னேன். "அம்பி தை முதல் தேதின்னு ஆசைப்பட்டுச் சொல்லியிருக்கான் மாமா. ஏழு நாள்தானே, அவன் சொன்ன நாள்லயே போறேன்" என்றார். சாமான்கள் எல்லாம் கட்டித் தயாராக வாசலில் இருந்தன. மந்தைவெளி வீட்டுச் சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன், அந்த அம்மாள் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். என்னிடம் இருக்கிறது.

ஆறாம் தேதியிட்ட உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிரிக்கவில்லை, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் உங்கள் வீட்டின் வரைபடம் ஒட்டியிருந்தது, அதையும் கிழியாமல் எடுத்து மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கார் நிற்கும் இடத்திலிருந்து பின்னறைக் கட்டில்வரை பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். ஒரே கோட்டின் மேல் பல நாள் திரும்பத் திரும்ப இழுத்திருக்க வேண்டும். தாள் அந்த இடத்தில் நைந்திருக்கிறது, பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள்.

தங்கள் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
பத்ரிநாராயணன்